மச்சான் வீட்டு மொட்டைமாடி ஆந்தை

சபை மாத இதழின் கடைசிப் பக்கத்தில் பறவைகளைப் பற்றி எழுதிவந்தேன். அதற்கு முந்தைய பக்கத்தில் காணிக்கை கொடுத்தவர்களின் பட்டியல் வரும். தங்கள் பெயரைத் தேடுகிறவர்கள் கை தவறி என் பக்கத்துக்கும் வந்துவிடுவார்கள். அவர்களைத்தான் என் வாசகர்கள் என்று பெருமையாக நினைத்திருந்தேன்.

என் மனைவியின் அண்ணன் வளைகுடாவிலிருந்து திரும்பி, எங்கள் பக்கத்து மனையில் மாடிவீடு கட்டியிருந்தார். ஒரு மாலை அவர் மொட்டைமாடிச் சுவரில் கொம்பன் ஆந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. தொலைநோக்கியில் அரைமணி நேரம் பார்த்தேன். அசையவே இல்லை. தவம் என்று எடுத்துக்கொண்டேன். மச்சானைப் போனில் கேட்டேன்.

“ஆமா மாப்ள, நாலு நாளா இங்கதான் கெடக்கு. கழுத்த முழுசா ஒரு சுத்து சுத்துது கேட்டீரா? ராத்திரி மாடிக்கு ஏறவே எனக்குப் பேடியா இருக்கு.”

ஒரு பக்கம் எழுதினேன். ‘மௌனத்தில் உறைந்த ஞானி’ என்றெல்லாம் எழுதினேன். இதழ் அச்சாகிக் கைக்கு வரும்வரை மச்சான் வாய் திறக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, சேவல் எல்லாவற்றையும் ஆலய முற்றத்தில் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் சேவலுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் மச்சான் ஒரு சாக்கை அவிழ்த்தார். புறாவை விரட்ட அவர் வாங்கிவைத்திருந்த பிளாஸ்டிக் ஆந்தை.

“இது ஆருன்னு தெரியுதா மக்கா? பத்திரிகையில வந்த ஞானியாக்கும்! தீனி வேண்டாம், கூடு வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினா போரும்!”

போதகர்கூட அங்கிக் கையால் வாயை மூடிக்கொண்டார். ஏலத்தில் எடுத்தது என் மனைவி. “வேற எவனாவது எடுத்து ரோட்டுப் பக்கம் வச்சா நாம எப்பிடி வெளிய எறங்க?” என்றாள். அடுத்த இதழில் என் பக்கத்தில் மீன் அவியல் செய்முறை வந்தது. “ஐயா கொஞ்ச நாள் ஓய்வெடுங்க,” என்றார் போதகர்.

என் பக்கம் எனக்கு வேண்டும். மச்சான் நாற வேண்டும். எந்த வரிசையில் என்றாலும் சரி. முதலில் ரப்பர் பாம்பு ஒன்று வாங்கினேன். வீட்டில் பையைத் திறந்ததும் நானே அலறினேன். அந்தச் செய்தி மனைவி மூலம் அண்ணனுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து தன் வீட்டில் எந்நேரமும் ஒரு பொம்மையை எதிர்பார்த்தபடி இருந்தார் மச்சான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், உறவினர் எல்லாம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு மரப்பட்டி சுருண்டு கிடந்தது. வெளியூர்ப் பக்கம் மரநாய் என்பார்கள்; பூனை அளவில், நீள வாலோடு இருக்கும். மச்சான் முகம் மலர்ந்தது.

“எல்லாரும் வாருங்க! மாப்ளைக்க வேலையப் பாத்தீங்களா? நம்மளப் பயமுறுத்தவாக்கும்!”

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த எனக்கு அதன் வயிறு ஏறி இறங்குவது நன்றாகத் தெரிந்தது. மீசை ஒருமுறை துடித்தது. ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை விழுங்கினேன். அன்றைய விருந்தில் அவ்வளவு ருசியாக வேறெதுவும் இல்லை.

“வாலு நல்ல ஒரிஜினல் மாதிரி செஞ்சிருக்கான்,” என்று மச்சான் வாலைப் பிடித்துத் தூக்கினார்.

பயந்த மரப்பட்டி வாலடியிலிருந்து குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு ஒரு நீரைப் பீய்ச்சும். பீய்ச்சியது. முழங்கையைக் கீறி, தோளில் ஏறி, பலாமரத்துக்குத் தாவியது. மச்சானுக்கு ஊசி போடக் கருங்கல் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டியே ஓட்டினாராம்.

“இதெல்லாம் படிச்சவருதானே நீங்க? உயிருள்ளதுன்னு தெரியலியா?” என்றாள் மனைவி.

“தெரியலியேட்டி. பிளாஸ்டிக்க ஞானின்னு எழுதினவனாக்கும் நான். எனக்க கண்ண இனி ஆரு நம்புவா?”

அந்த வாரமே போதகர் வீட்டுக்கு வந்தார். சமையல் குறிப்பை நிறுத்திவிட்டாராம். மரப்பட்டியைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார். அவர் போன பின் மச்சானின் மனைவி வந்து, “அண்ணா, அவருக்க பேரு மட்டும் போட்டுராதீங்க,” என்று கெஞ்சினாள்.

போடவில்லை. வீட்டின் நிறத்தை மட்டும் எழுதினேன். கருங்கல் போகும் சாலையில் ஊதாவும் கிளிப்பச்சையுமாக இருக்கிற வீடு அது ஒன்றுதான்.