பத்து எருமையும் கொஞ்சம் மஞ்சளும்

நான் வேலை பார்க்கும் அச்சகம் பழங்காநத்தத்தில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து போஸ்டர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். ஆயிரம் பிரதிக்குக் குறைத்து யாராவது கேட்டால் முதலாளி முகம் செத்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு என் அக்கா மகள் வந்து, மூலையில் கிடந்த பழைய கை மெஷினில் பத்தே பத்துப் படம் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஓவியக் கல்லூரி முடித்தவள். சென்னையில் அவளுக்கு முதல் கண்காட்சி.

படம் ஓர் எருமை. நடுரோட்டில், பஸ்ஸுக்குக்கூட வழிவிடாமல் படுத்திருக்கிறது. தகட்டில் செதுக்கி, மை தடவி அச்சடித்து, கொம்புக்குத் தங்க ரேக்கு ஒட்டி, நாக்குக்குச் சேலைக் கரையை வெட்டித் தைத்திருந்தாள். இதற்கு மிக்ஸட் மீடியா என்று பெயராம். எங்கள் மெஷினில் பேப்பரோடு துணி சிக்கினால் அதற்கு வேறு பெயர். இங்கே எழுத முடியாது.

ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு கத்தியை எடுத்துத் தகட்டின் குறுக்கே கீறிவிட்டாள். இனி யாராலும் அடிக்க முடியாது, அதனால்தான் மதிப்பு என்றாள். முதலாளி என்னைப் பார்த்து, "மாப்ள, உங்க குடும்பத்துல எல்லாரும் இப்படித்தானா?" என்றார். நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. மனிதர்களோடு பேசப் பயந்துதான் மெஷின் வேலைக்கே வந்தேன்.

படங்களை எங்கள் வீட்டில் காயவைத்துவிட்டு அவள் கடைக்குப் போனாள். என் மனைவிக்கு ஒரு பழக்கம். அச்சடித்த எதுவும் நல்ல காரியத்துக்குப் போகிறதென்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிடுவாள். சொந்தத்தில் எல்லார் பத்திரிகையும் அவள் கை பட்டுத்தான் போகும். நான் குளித்துவிட்டு வந்தபோது பத்து எருமையும் மங்களகரமாக இருந்தன.

திரும்பி வந்தவள் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் பஸ். தகடோ போய்விட்டது.

"அத்தை, அது விக்கிற படம்."

"விக்கணும்னுதான தாயி வச்சேன். மொட்டையாவா அனுப்புறது?"

ரப்பரால் தேய்த்தாள், மஞ்சள் இன்னும் பரவியது. அழ ஆரம்பித்தாள். மஞ்சள் பட்ட என் வேட்டி கொடியில் வெளுப்பது ஞாபகம் வந்தது.

"வெயில்ல போடு," என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசியதே அவர்களுக்கு ஆச்சரியம்.

மறுநாள் காலையிலேயே மொட்டைமாடியில் எருமைகளை வரிசையாகப் படுக்கவைத்தோம். மற்ற இடம் வெளுக்காமலிருக்க, அச்சகத்தில் மிஞ்சிய போஸ்டர்களால் மூடி, மூலைகளை மட்டும் வெயிலுக்கு விட்டோம். செத்துப்போன பெரியவர்களும் காது குத்திய பிள்ளைகளும் சிரித்தபடி எருமைக்குக் காவல் கிடந்தார்கள். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட வந்த அம்மா, இம்புட்டுப் பேரும் ஒரே நாளிலா போனார்கள் என்று விசாரித்தாள். அக்கா மகள் குடையால் காக்கா விரட்டிக்கொண்டிருந்தாள்.

மதுரை வெயிலை இனி நான் திட்டமாட்டேன். பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒன்பது படம் சுத்தம். தண்ணீர்த் தொட்டி நிழலில் மாட்டிக்கொண்ட ஒன்றில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது. ஒன்பதையும் அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியவள், மிச்சத்தை அத்தை கையில் கொடுத்தாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க. மத்ததுல கை வைக்காதீங்க."

சென்னையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம், மூன்று விற்றதாம். மஞ்சள் வைத்த ராசி என்கிறாள் என் மனைவி. அவள் பங்கு எருமையைக் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் மூலையைப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் எருமையைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.