சோற்றில் விழுந்த மணல்

எங்கள் சூப்பிரண்டம்மாவின் கைப்பையில் ஒரு களைக்கொத்து இருக்கும். பேனா, கண்ணாடிக்கூடு, விபூதிப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துண்டில் சுற்றி வைத்திருப்பார். காரைக்கால் பக்கம் போலகத்தில் நெல் விவசாயம் செய்கிற குடும்பம் அவருடையது. அலுவலக வாசலில் செம்பருத்திச் செடியின் அடியில் ஒரு புல் தலைகாட்டினாலும் போதும், கையிலிருக்கும் கோப்புக்கட்டை என் மேசையில் போட்டுவிட்டுக் குனிந்துவிடுவார். "நாம நடாம மொளச்சா அது களை தம்பி" என்பார். கோப்புகளிலும் அதே கண்தான். நான் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் அவரிடமிருந்து திரும்பி வரும்போது பாதியாக இளைத்திருக்கும்.

அவர்தான் 'பச்சை நடை'யைத் தொடங்கியவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக்காலுக்குள் பச்சையாக இருக்கும் ஓர் இடத்தை நடந்தே போய்ப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது, பாட்டில் கூடாது. புளியோதரையை வாழையிலையில் கட்டிக்கொண்டு வரலாம். நகராட்சியை இன்றும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் 'மேரி' என்றே சொல்லும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலைப் பூசை, கறிக்குழம்பு, மதியத் தூக்கம் என்று வளர்ந்தவன். பூசையைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். "மொதப் பூசைக்குப் போயிட்டு வந்துடுங்க. நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்.

இப்படித்தான் நான் பிறந்த ஊரை முப்பத்தெட்டாவது வயதில் முதல்முறையாகப் பார்த்தேன். அரசலாற்றங்கரை நடைபாதையில் பைக்கில் பறந்திருக்கிறேனே தவிர நடந்ததில்லை. ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் அலையாத்திச் செடிகள் சேற்றுக்கு மேலே வேர்களை நீட்டி மூச்சு விடுகின்றன என்பதும், அந்த வேர்களுக்கு நடுவே சிவப்புக் கால் நண்டுகள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியாது. அம்மையார் குளக்கரையில் விடியற்காலையில் மீன்கொத்தி உட்காரும் படியை எனக்குக் காட்டியவர் சூப்பிரண்டம்மா. சைக்கிளில் போகிறவர்களை நிறுத்தி, "மேல பாருங்க, மேல" என்று கொக்குக் கூட்டைக் காட்டுவார். பாதிப் பேர் வேலைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பார்கள், பார்த்த பிறகு போக மனமில்லாமல் நிற்பார்கள்.

அந்த வரிசையில்தான் ஒரு மாசி மாதம் மண்டபத்தூர் கடற்கரைக்குப் போனோம். பதினான்கு பேர். மீனவர் வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்மேடு. அதன் மேல் ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலைகளோடு அடம்பங்கொடி படர்ந்து கிடந்தது. இடையிடையே முள் முனையோடு இராவணன் மீசைப் புல். கொடிக்குள் பிஸ்கட் உறையும் செருப்பும் கிழிந்த வலையுமாகக் குப்பை. குப்பையைப் பொறுக்கத்தான் போனோம். கொடிக்குள் சிக்கிய குப்பை எளிதில் வரவில்லை. சூப்பிரண்டம்மா களைக்கொத்தைக் கையில் எடுத்தார். மேட்டை ஒருமுறை பார்த்தார். யாரும் நடாமல் முளைத்தது இவ்வளவு கிடக்கிறதே என்று அவருக்குக் கை அரித்திருக்க வேண்டும்.

எங்களில் பாதிப் பேர் நெல் வயல் பார்த்து வளர்ந்தவர்கள். வரிசை கட்டி இறங்கினார்கள் பாருங்கள், பத்து மணிக்குள் மேடு மொட்டையாகிவிட்டது. ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள், பெண்கள் மீன் விற்கப் போயிருந்தார்கள். வீட்டிலிருந்த ஒன்றிரண்டு பேரும், ஆபீஸ் அம்மா வந்து செய்வதால் ஏதோ சர்க்கார் திட்டம் போலிருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். பிடுங்கியதை எல்லாம் டிராக்டரில் ஏற்றி அனுப்பினோம். நான் மட்டும் மேட்டின் கோடியில், கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து, அதற்கு அப்பால் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு கொடியைக்கூடத் தொடவில்லை. கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டார். "எல்லார் வயலும் சுத்தமாயிடுச்சு. உங்க வயல்ல மட்டும் களை அப்படியே நிக்குது" என்றார் மற்ற பன்னிரண்டு பேர் முன்னால். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் அலுவலகத்துக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் அக்கா, மண்டபத்தூர்க்காரர், கூடையை வராந்தாவில் இறக்கிவைத்துவிட்டு நேராக உள்ளே வந்தார். சூப்பிரண்டம்மா மீன் சாப்பிடாதவர், அவரிடம் அந்த அக்கா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்று, "எங்க சோத்துல இப்புடி மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேம்மா" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது.

சூப்பிரண்டம்மாவின் முகம் சிவந்துவிட்டது. முப்பது வருட சர்வீஸில் ஒருவர் பிழைப்பைக் கெடுத்தார் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. "என்னம்மா பேசுறீங்க? உங்க தொழிலுக்கு நாங்க என்ன பண்ணினோம்? படகத் தொட்டமா, வலையத் தொட்டமா?" என்றார்.

அக்கா ஒரு கணம் புரியாமல் பார்த்தார். "தொழில யாரும்மா சொன்னா? நான் சொல்றது தட்டுல இருக்குற சோறு. நேத்து மத்தியானம் கடக்காத்து எழும்புச்சு. வச்ச வாயில எல்லாம் மண்ணு. அந்தக் கொடிதாம்மா மண்ணப் புடிச்சு வச்சிருந்துச்சு. இப்பவே இப்புடின்னா, வைகாசியில சோழகக் காத்து அடிக்கும்போது நாங்க எப்படிச் சாப்புடுறது?"

தெற்கிலிருந்து வரும் அந்தக் காற்றைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா என்ன. ஆனால் அந்தக் காற்றுக்கு நேர் எதிரில் வீடு கட்டிக்கொண்டு நாங்கள் யாரும் சோறு தின்றதில்லை. நாங்கள் எல்லோரும் கோபம் வந்தால் சும்மா சொல்லிவிட்டுப் போகும் வார்த்தையை அந்த அக்கா அப்படியே, எழுத்துக்கு எழுத்து, உண்மையாகச் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்பது சூப்பிரண்டம்மாவுக்குப் பழக்கமில்லாத காரியம். கைப்பையை எடுத்துக்கொண்டு, "அரை நாள் லீவு எழுதிக்குங்க தம்பி. உங்களுக்கும் சேத்து" என்றார்.

மூவரும் மண்டபத்தூர் போனோம். திரும்ப நடுவதற்குக் கொடி எங்கே என்பதுதான் முதல் சிக்கல். டிராக்டரில் போனது குப்பைமேட்டுத் தீயில் கருகிக் கிடந்தது. அந்தக் கரையில் உயிரோடு மிச்சம் இருந்தது படகுக்கு அப்பால் என் 'வயல்' மட்டும்தான். சூப்பிரண்டம்மா அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க சோம்பேறித்தனத்தப் பாராட்ட வேண்டிய நாளும் வந்துடுச்சு" என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் அவரிடம் நான் வாங்கிய ஒரே நற்சான்றிதழ் அது. இன்றுவரை அதில் எனக்குப் பெருமைதான்.

கொடியைக் கணுவோடு முழ நீளத்துக்கு நறுக்கி மணலில் புதைத்தோம். சூப்பிரண்டம்மாவுக்கு நடவு என்றால் நாற்று நடவுதான். கயிறு பிடித்து, நேர் வரிசையாக, சாண் இடைவெளி விட்டு நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பத்து வரிசை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "காத்துக்கு ரோடு போட்டுக் குடுக்குறீங்களாம்மா? கோணமாணன்னு நடுங்க. அது வந்து முட்டிக்கிட்டு நிக்கணும்." வயலில் ஒரு வரிசை வளைந்தாலும் பிடுங்கி நட்ட குடும்பத்துப் பெண், அத்தனையையும் பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கோணலாக நட்டார். நட்ட கொடிக்கு முன்புறம், காற்று வரும் பக்கமாக, தென்னங்கீற்றில் ஒரு தடுப்பும் கட்டினோம்.

பிறகு தண்ணீர். மூன்று மாதம், தினமும் அலுவலகத்துக்கு முன்னால் அவர் மண்டபத்தூர் போய் அடிபம்பில் குடம் பிடித்தார். பச்சை நடைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு உடன் போனார்கள். அந்த வருடம் பாதிக் கொடிதான் பிழைத்தது. சோழகக் காற்றும் வந்தது, மண்ணும் விழுந்தது. அக்கா மீன் கொண்டுவரும்போதெல்லாம் சூப்பிரண்டம்மா தலையை நிமிர்த்தி, "விழுதா?" என்பார். "விழுதும்மா. போன வாரத்துக்கு இப்பக் கொறச்சல்" என்பார் அக்கா. புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் இதைக் காரைக்கால் பக்கத்து முகமன் என்று நினைத்துக்கொண்டு, ஒருநாள் அக்காவிடம் அவரும் "விழுதா?" என்று கேட்டுவைத்தார்.

இப்போது பச்சை நடைக்கு வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். சூப்பிரண்டம்மா ஓய்வு பெற்றுப் போலகத்தில் வயலைப் பார்த்துக்கொள்கிறார், நடத்துவது நான். மண்டபத்தூர் மேடு முழுக்க அடம்பம்பூ ஊதாவாகப் பூத்திருக்கும்போது எல்லோரும் படமெடுக்கிறார்கள். தானாக வளர்ந்த இடம் எவ்வளவு அழகு என்கிறார்கள். நான் திருத்துவதில்லை. குப்பையைக் கையால் மட்டும் எடுக்கச் சொல்கிறேன், ஆயுதம் எதுவும் அனுமதியில்லை.

ஆனால் அந்த இடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பூ அல்ல. இரண்டாம் வருடம் வைகாசியில், காற்று ஊளையிட்ட ஒரு மத்தியானம், அக்கா எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். கடலைப் பார்த்த வாசலைத் திறந்தே வைத்து, அதற்கு நேராகப் பாயை விரித்தார். சூப்பிரண்டம்மாவுக்காகப் புதுச் சட்டியில் மீன் படாமல் கத்திரிக்காய்க் குழம்பு. தட்டுக்கு மூடி இல்லை. அக்கா பரிமாறிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சூப்பிரண்டம்மா முதல் கவளத்தை வாயில் போட்டார். மெல்ல மென்றார். பல்லில் ஏதாவது நறநறக்கிறதா என்று தேடுவது அவர் தாடையில் தெரிந்தது. நானும் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். விழுங்கினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, துடைக்கவில்லை.

"மண்ணு இருக்காம்மா?" என்றார் அக்கா.

"இல்ல" என்றார் சூப்பிரண்டம்மா. தட்டை முன்னால் நகர்த்தி நீட்டினார். "உப்புதான் கொஞ்சம் கம்மி. இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடுங்கக்கா."