அழிந்தது எந்தக் கிளஸ்டர்

கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி நிந்தவூரில் பெண்வீட்டுக்குக் குடிவந்தேன். மாமிக்கு என் வேலை பிடிபடவேயில்லை. மருமகன் முன்னறையில் கறுப்புத் திரையில் எழுதுகிறார், கொழும்புக் கம்பனி சம்பளம் போடுகிறது. ஊருக்கு அவ சொல்வது அவ்வளவுதான். நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். ஒரு பெரிய பிழை போதும், அனுப்பிவிடுவார்கள்.

பல கணினிகளை ஒன்றாகச் சேர்த்து இயக்குவதுதான் கிளஸ்டர். கட்டளை எழுதி அதை நடத்தும் கருவியை இரண்டு ஜன்னல்களில் திறந்து வைத்திருந்தேன். ஒன்று பரிசோதனைக் கிளஸ்டருக்கு, மற்றது வாடிக்கையாளர் பாவிக்கும் அசலுக்கு என்று என் கணக்கு. அந்த வெள்ளிக்கிழமைக் காலை இரண்டாவது ஜன்னலை அசலுக்கு மாற்றினேன். முதல் ஜன்னலும் சேர்ந்து மாறும் என்று எனக்குத் தெரியாது. பரிசோதனை என்று நம்பி, முதல் ஜன்னலில் இருந்ததையெல்லாம் அழிக்கச் சொல்லி எண்டரைத் தட்டினேன். நிச்சயமா என்று ஒரு கேள்வி கூட வரவில்லை.

தலைமைப் பொறியியலாளர் கோல் எடுத்தார்.

“தம்பி, சைட் விழுந்துட்டு!”

திரையைப் பார்த்தேன். அசல் வெறுமையாகக் கிடந்தது.

“இன்னாலில்லாஹி!”

எதை இழந்தாலும் சொல்வதுதான், ஆனால் கேட்பவர்கள் மரணச் செய்தி என்றே நினைப்பார்கள். வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமி ஓடிவந்தா.

“ஆரு மகன் மௌத்து? வாப்பா கடலுக்குப் போனவரா?”

என்னைப் பெற்ற வாப்பா ஒலுவிலிலிருந்து மீன்பிடிக்கப் போகிறவர். நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மாமி அழத் தொடங்கினா. அடுத்த வீட்டுப் பெண்ணும் முக்காட்டை இழுத்தபடி வந்து சேர்ந்து அழுதா.

போனில் அவருக்கும் கேட்டது. குரல் இறங்கியது.

“மௌத்து வீடா தம்பி? நீங்க போங்க. நாங்க பாத்துக்கிறம்.”

ஓம் என்றால் போதும், தப்பிவிடலாம். ஆனால் எதை அழித்தேன் என்று தெரியாமல் அங்கே எத்தனை பேர் தேடுவார்கள்?

“மௌத்து இல்ல சேர். அசல் கிளஸ்டர நான்தான் அழிச்சிட்டன்.”

அவர் கேட்டது வேறொன்று.

“அப்ப அழுறது ஆரு?”

“மாமி.”

“சரி, கோலை வைக்காதீங்க. தரவெல்லாம் கிளஸ்டருக்கு வெளியதான் பத்திரமாக் கிடக்கு. நிரல்கள்ட கோப்பெடுத்துத் திருப்பி ஏத்துங்க. தட்ட முந்தி கிளஸ்டர்ட பேரச் சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். பின்னால் நின்ற பெண்கள் இருவரும், ஏதோ ஓதுகிறேன் என்று நினைத்து, “ஆமீன்” என்றார்கள்.

தட்டினேன். நிரல்கள் ஒவ்வொன்றாக எழும்பின.

“ஜும்ஆத் தொழுகைக்குப் போயிட்டு, நடந்தத்த எழுதி அனுப்புங்க,” என்றார். “பின்னேரம் பரிசோதனைக் கிளஸ்டரயும் நீங்கதான் அழிக்கணும். அது இன்னும் அப்படியே கிடக்கு.”