குதிரை பழக்கிய கொட்டகையில் மூன்றாம் ஓலை

எங்கள் கோயில் கூரையைக் கறையான் தின்ற பிறகு, நான்கு வருஷம் நாங்கள் ஜெபம் பண்ணியது குதிரை பழக்கும் கொட்டகையில். மகாராஜாவின் குதிரைப் பட்டாளம் எங்கள் ஊரில் தங்கியிருந்த காலத்தில் கட்டியது. கல் சுவர், ஓட்டுக் கூரை, தரை முழுக்க மணல். குதிரைமேல் இருப்பவன் தலை குனியாமல் நுழைய வேண்டும் என்று வாசலை அப்படி உயர்த்தி, அகலமும் வைத்திருந்தார்கள்.

என் அப்பா அங்கே புல்லுக்கட்டு சுமந்தவர். நடுவில் இருந்த கல்மேடையில் நின்று, பழக்குகிறவர் தொண்டை கிழியக் கத்துவாராம். குதிரை சுவரோரமாக மூன்று சுற்று சுற்றி, மேடை முன்னால் அசையாமல் நின்றால் ஒரு துண்டு கருப்பட்டி. அப்பாவுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. சாகும்வரை அந்தக் கோபம் இருந்தது.

பட்டாளம் திருவனந்தபுரத்துக்குப் போனது. கொட்டகையில் கொஞ்சகாலம் நெல் கிடந்தது, பிறகு வவ்வால், பிறகு நாங்கள். கல்மேடை பிரசங்க மேடையாயிற்று. நான் கோயில்குட்டி: மணியடிக்க, பாய் விரிக்க, விளக்குத் துடைக்க. நாலாம் கிளாசோடு படிப்பு நின்றுவிட்டது. கவலைப்படுவதற்குப் படிப்பு தேவைப்படவில்லை.

‘பையன் ரொம்பப் பயப்படுகிறான்’ என்று இரண்டு இடம் தட்டிப்போய், கடைசியாகப் புதுக்கடைப் பக்கம் ஒரு பெண் அமைந்தாள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று உபதேசியார் கேட்பார். யாராவது வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றது. முதல் ஓலையில் ஒருவர் இருமினார், எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டாம் ஓலையில் யாரும் இருமவில்லை. ஏன் இருமவில்லை என்று வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஓலைக்குப் பெண்ணின் அம்மாவே குதிரைவண்டியில் வந்து இறங்குவதாக இருந்தது. இறங்கவில்லை. முட்டுவலி, மணலில் நடக்க முடியாது என்று மாமி வண்டியிலேயே இருந்துவிட்டார். வண்டிக்காரர் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். குதிரையைத் தட்டிக்கொடுத்து, “பட்டாளத்துக் குதிரையாக்கும், ஏலத்துல எடுத்தது. வயசாச்சு, ஆனா சொன்ன சொல்லு கேக்கும்” என்றார்.

“அண்ணாச்சி, குதிரைய அவுக்காண்டாம்” என்றேன். “அவுத்தா வண்டி முன்னால சாயும். மாமிக்கு முட்டு நோவும்.”

என் பெயர் வாசிப்பது நன்றாகக் கேட்கட்டும் என்று வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்தியதும் நான்தான். வண்டிக்காரர் பீடி பிடிக்கப் போனார்.

எங்கள் உபதேசியாருக்குத் தொண்டை வெண்கலம். மேடையில் நின்று, “தடை உண்டானால் இப்பொழுதே சொல்லுங்கள்!” என்று முழங்கினார். வாசலில் இரண்டு காதுகள் நிமிர்ந்தன.

குதிரை உள்ளே வந்தது. பின்னால் வண்டி வந்தது. வண்டிக்குள் மாமி வந்தார்.

சபை முழுக்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு நடுவே ஓடியது. குதிரை யாரையும் தொடவில்லை. சுவரோரமாக, அளந்து வைத்தாற்போல மூன்று சுற்று. “ஏசுவே! ஆராவது பிடியுங்கலே!” என்று மாமி வண்டியின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பிறகு குதிரை மேடை முன்னால் வந்து, உபதேசியார் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்தார். “உபதேசியாரே, தடை வந்தாச்சு. எழுதும்.”

“அது ஞானஸ்நானம் எடுத்துட்டு வரட்டும். பொறவு கேக்கேன்.”

“மாமியாரு எடுத்தவதானவே? அவளும்லா கூட வந்திருக்கா!”

எல்லாத் தலையும் வண்டிப்பக்கம் திரும்பியது. மூன்றாவது இடமும் போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். மாமி கலைந்த கொண்டையை முடிந்துகொண்டார்.

“குதிரைய அவுக்காண்டாம்னு சொன்னவன் ஆரு?”

ஓடிவந்த வண்டிக்காரர், “மாப்பிள்ளையாக்கும்” என்று கையை நீட்டிவிட்டார்.

“வண்டி சாயும்லா மாமி… ஒங்க முட்டுக்கு…”

“முட்டுக்கா?” மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எம் புருசன் இருவது வருசமா இந்த முட்ட ஒருக்கா கேட்டதில்ல. செரி, இது ஏன் போவாம நிக்குது?”

“கருப்பட்டி குடுக்கணும் மாமி.”

மாமி எங்கள் வீட்டுக்கென்று கொண்டுவந்த கருப்பட்டிப் பொட்டலத்தை அவிழ்த்து, ஒரு சில்லு உடைத்து நீட்டினார். நான் வாங்கிக் குதிரை வாயில் வைத்தேன். “உபதேசியாரே, எனக்குத் தடை ஒண்ணும் இல்ல” என்றார் மாமி. “எறங்கத்தான் வழியில்ல. ஒரு முக்காலி போடச் சொல்லும்.”

கல்யாணமும் அதே கொட்டகையில்தான். அன்றைக்கு வண்டியை நூறு அடிக்கு அப்பால் நிறுத்தி, குதிரையை அவிழ்த்து, தென்னையில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். பிறகு போய் மூன்றாவது முடிச்சும் போட்டேன். மாமி அந்த நூறு அடியையும் நடந்தே வந்தார், ஒவ்வொரு அடிக்கும் என்னைத் திட்டிக்கொண்டு.