கால் வளர்வதற்காகக் குதித்த டாஷண்ட்

போன ஞாயிறு நான் பிள்ளைப்பாக்கம் போனது நாய் வாங்க. "ஒரு வயது டாஷண்ட், இலவசம், நல்ல வீடு வேண்டும்" என்று இணையத்தில் ஒருவர் போட்டிருந்தார். குட்டைக்கால் நாய் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

தாம்பரத்தில் காலை 8.10 ரயில். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினால் ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். "இன்னா சார், ஞாயித்துக்கெழமகூட கம்பெனில ஓவர்டைமா?" என்றார் ஓட்டுநர். விஷயத்தைச் சொன்னேன். "தெருவுல அவ்ளோ நாய் கீது, இதுக்கு ஆட்டோ வேறயா?" என்று சிரித்தார். ஒரகடத்திலிருந்து பிள்ளைப்பாக்கத்துக்குத் தனி ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

விளம்பரம் கொடுத்த இசக்கி கோவில்பட்டிக்காரர், உதிரிபாகக் கம்பெனியில் வேலை. நாய் கூடாத ஹாஸ்டலுக்கு மாறப்போகிறார். மூன்றாவது மாடி அறையின் கதவைத் திறந்ததும் தூக்கிவாரிப் போட்டது. மணி என்ற அந்த நாய் முன்னங்கால்களால் தவழ்ந்து வந்தது. பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி இழுபட்டன.

"நேத்து சாயங்காலம் கட்டில்லேருந்து குதிச்சான் அண்ணாச்சி. அப்பத்திலேருந்து இப்படித்தான்."

"ஏன் குதிக்க விட்டீங்க?"

"நாந்தான் குதிக்க வச்சேன். எங்கூர்ல சிப்பிப்பாறை நாய்க்கெல்லாம் கால் நெட்டையா இருக்கும்லா? இவனுக்கு வளர்ச்சி பத்தலன்னு நெனச்சேன். தெனமும் இருவது தடவ குதிக்க வச்சு, சத்து மாத்திரையும் குடுத்தேன்."

நான் கத்திவிட்டேன். அந்தக் கால் பிறவியிலேயே அப்படித்தான். ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற முரட்டு விலங்கைத் துரத்த வளர்த்தெடுத்த இனம். இருட்டில் தனியாகச் சண்டை போட வேண்டிய நாய் என்பதால் பயம் குறைவு, பிடிவாதம் அதிகம். நீண்ட முதுகுதான் அதன் பலவீனம். குதிக்கக் குதிக்க முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்திவிடும். இசக்கி ஒரு பலகையைத் தேடி எடுத்தார்.

மணியைப் பலகையில் படுக்கவைத்து ஸ்ரீபெரும்புதூர் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினார். அசைவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். மணி வெடுக்கென்று திரும்பி அவர் கையுறையைக் கவ்வியது.

"நல்லது, உணர்ச்சி இருக்கு. ஆறு வாரம் கூண்டுலயே வைங்க. நடப்பான்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். இசக்கி தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். என் கோபமும் அங்கேயே போய்விட்டது. மணியை நானே கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

இந்த இனம் வாங்கப் போகிறவர்களே, படி ஏற விடாதீர்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில். திரும்பும்போது கார் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தாம்பரத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆனது.

கார் கதவைச் சாத்தும்போது இசக்கி சொன்னார்: "நடந்துட்டான்னா ஒரு வீடியோ அனுப்புங்க அண்ணாச்சி. நடக்கலன்னா எங்கிட்ட சொல்லாதீங்க."

இன்றோடு நாலு நாள். இன்னும் எதுவும் அனுப்பவில்லை.