இரண்டு முறை பிரித்த தையல்

பெரியவளுக்குத் தன் ஓரகத்தி மேல் பொறாமை. நோயாளியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்காதீர்கள், அவள் படுவாள். இருபத்தாறு வருடமாக முன்னறையில் மிஷின் மிதித்துப் பாதி ஊருக்கு உடுப்பு தைத்தவள். அவளுக்கு ஒருத்தரும் கைதட்டியதில்லை. கொழுந்தன் மனைவியான சின்னவளுக்கு இதயச் செயலிழப்பு வந்து மூன்றே வருடம், அதற்குள் அவளைத் தெரியாத ஆளில்லை.

இதயம் நின்றுவிடவில்லை, பலவீனமாகி இரத்தத்தைச் சரியாகத் தள்ளாமல் இருக்கிறது, அவ்வளவுதான் என்று சின்னவள் எல்லோருக்கும் விளக்குவாள். மூலையில் முடங்காமல் தினம் நடந்தாள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று டாக்டர் சொன்னாராம். பேசுவதற்கு அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்! இரண்டு பேர், பத்துப் பேர் என்று சேர்ந்து இப்போது அவளையும் சேர்த்து முப்பது பேர் காலையில் நடக்கிறார்கள். நூலகம், தொழிற்சாலை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் பேசினாள். பெரியவள் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. வீட்டில் கேட்பது போதாதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். உண்மையில் அந்தக் கைதட்டலை அவளால் தாங்க முடியவில்லை.

நடைக் குழுவுக்கு முப்பது மேல்சட்டை தைக்கும் வேலை அவளிடமே வந்தது. இருபத்தொன்பதை ஒழுங்காகத் தைத்தாள். சின்னவளுடையதை மட்டும் சுற்றளவில் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினாள். மேடையில் பிதுங்கிக்கொண்டு நிற்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும்.

சின்னவள் போட்டுப் பார்த்தாள். ஜிப் ஏறவில்லை. அசடு வழிவாள் என்று பெரியவள் ஓரக்கண்ணால் காத்திருக்க, அவள் முகமோ வெளுத்துப்போனது. எடை மிஷினில் ஏறினாள். சுவரில் தொங்கிய அட்டையில் தினம் எழுதி வரும் எடையோடு ஒப்பிட்டாள். இறங்கி மறுபடி ஏறினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தாள்.

"எடை ஏறலக்கா. வீக்கமும் இல்ல. ஆனா சட்டை எப்படி இறுகும்? ஒடம்புல தண்ணி சேந்தா மொதல்ல துணிதான் காட்டிக்குடுக்கும். எனக்கு பயமா இருக்கு, ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

ஊருக்கே தைரியம் சொல்கிறவள் இப்படிப் பயந்து பெரியவள் பார்த்ததில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"போக வேண்டாம். நான்தான் ரெண்டு அங்குலம் கொறச்சு வெட்டினேன். வேணும்னேதான்."

சின்னவள் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். பெரியவளுக்கு அதைவிட, அந்தத் துணிப் பேச்சுதான் மனதைக் குடைந்தது. இந்த மாதத்தில் மட்டும் தன் சட்டையின் பக்கத் தையலை இரண்டு முறை பிரித்து விட்டிருந்தாள். உட்கார்ந்தே வேலை செய்கிற உடம்பு, சதை போடத்தானே செய்யும் என்று நினைத்தாள். படியேறினால் மூச்சு வாங்குவதற்கும், மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பதற்கும் வயதைக் காரணம் சொல்லிக்கொண்டாள். துணி இறுகினால் தையலைப் பிரிக்கத் தெரிந்தவள், ஏன் இறுகுகிறது என்று கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தது.

"இங்க பாரு," என்று இடுப்போரம் பழைய ஊசித் துளைகளைக் காட்டினாள்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். பிறகு பெரியவளுடைய கணுக்காலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"கெளம்புங்கக்கா. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம் இவள் இதயத்தையும் பலவீனமாக்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பிழைப்பதே கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது சுவரில் இரண்டு அட்டைகள் தொங்குகின்றன. பெரியவளும் நடக்கிறாள், கடைசி ஆளாக. சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது.

போன வாரம் நூலகக் கூட்டத்துக்கு முதல் முறையாகப் போனாள். சின்னவள் மேடையில் பெரியவளின் அந்தப் பழைய சட்டையை விரித்து ஊசித் துளைகளைக் காட்டிப் பேசினாள். கைதட்டலை அள்ளினாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சட்டை தன்னுடையது, தையல் தன்னுடையது, நோயும் தன்னுடையது, பேர் மட்டும் அவளுக்கா? நாலு படியை நின்று நின்று ஏறி மைக்கை வாங்கினாள்.

"இவ பாதிதான் சொன்னா. எனக்கு இவ மேல பொறாமை. அதனாலதான் இவ பேச்சக் கேக்க ஒரு நாளும் வரல. ஊருக்கே தெரிஞ்சது, ஒரே வீட்ல இருக்கற எனக்கு மட்டும் தெரியாமப் போச்சு."

யாரும் கைதட்டவில்லை. முதல் வரிசையில் ஒருத்தி குனிந்து தன் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் குனிந்தாள். மூன்று வருடமாகச் சின்னவள் பேசியும் அப்படி யாரும் குனிந்ததில்லை. அவள் முகம் லேசாகச் சுருங்கியதைப் பெரியவள் கவனித்தாள்.