குரலை யாரும் மறைக்கவில்லை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் அந்த ஷேர் ஆட்டோக்காரரின் முகம் எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பின்னால் நெருக்கியடித்து உட்காருகிறவர்கள் காக்கி முதுகைத்தானே பார்க்கிறோம். குரல் மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷன் படியில் இறங்கும்போதே காதில் விழும்: "சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கோம்!"

அவர் ஒரு கொலையைப் பார்த்துவிட்டார். சாட்சிக்குப் பாதுகாப்பு என்று பெயரை மறைத்தார்கள். முகத்தை மங்கலாக்கி வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்தார்கள். அதை எவனோ வாட்ஸப்பில் விட்டுவிட்டான். ஒரு வரி கேட்டதுமே அந்த ரூட்டில் போகிற அத்தனை பேருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

பிறகு ஒருநாள் அவர் பக்கத்திலேயே முன்சீட்டு கிடைத்தது. நரைத்த தாடி, தூக்கம் கெட்ட கண்கள். ஸ்டாண்டில் வாயே திறக்கவில்லை. வண்டித் தகரத்தைக் கையால் தட்டித் தட்டித்தான் ஆள் சேர்த்தார்.

"வீடியோவ வெளிய விட்டவனுக்கு ஜெயில் உண்டுண்ணா. சட்டமே இருக்கு" என்றேன்.

"கீது சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அவன் உள்ள போனாலும் ஒருநாள் வெளிய வந்துடுவான். நான் வாயத் தொறந்தா, இவன்தான்டான்னு திரும்பிப் பாக்குறானுங்க. நான் எப்போ சார் வெளிய வர்றது?"

போன வாரம் அந்த வீடியோ எங்கள் அடுக்ககக் குழுவுக்கு மறுபடியும் வந்தது. "இதைப் பரப்புவது தண்டனைக்குரிய குற்றம், எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்" என்று மேலே எழுதி ஒரு பெரிய மனிதர் அனுப்பியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடுகள்.